மூன்று விரற்கடை தாழ்ந்த தீவு

நாச்சிமுத்து, ரங்கராசு அண்ணனை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, பேச்சு தொடங்கும்போது அவருடைய ஒரு கன்னம் மழித்திருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நாச்சிமுத்துவின் சலூனில்தான்.

பெஞ்சில் நிதி கம்பெனி ஏஜெண்ட் பிரபாகர் உட்கார்ந்திருந்தான். மகள் கல்யாணத்துக்கென்று நாச்சிமுத்து சேர்த்த மூன்று லட்சத்தை வாங்கிப்போக வந்தவன். டெபாசிட் பாரம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

“வட்டி இருபத்துநாலுங்க. பெரிய பணக்காரங்கெல்லாம் இப்படித்தான் போடறாங்க” என்றான்.

கண்ணை மூடியிருந்த ரங்கராசு திறந்தார். “பணக்காரங்க எங்க போடுவாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. மில் முதலாளிக்கு இருபது வருசம் கார் ஓட்டினவன் நான்.”

“ஆரம்பிச்சுட்டாருடா” என்று நாச்சிமுத்து கத்தியைத் தீட்டினார்.

“முதலாளி பேங்குக்குப் போனதே இல்லை. பேங்குதான் வரும். கேஷியர் கூண்டை எட்டுப் பேர் தூக்கி வருவாங்க. நமக்குப் பேனாவை நூல்ல கட்டி வெக்கறாங்கல்ல, அவருக்கு மேனேஜரையே நூல்ல கட்டி வாசல்ல விட்டிருந்தாங்க.”

“நூல் அறுந்துட்டா?” கத்தியை நிறுத்திவிட்டு நாச்சிமுத்து கேட்டார்.

“வேற மேனேஜர் அனுப்புவாங்க. நிறுத்தாதே, நுரை காயுது” என்று ரங்கராசு நாச்சிமுத்துவையே அதட்டினார். “இங்க பணத்துக்கு வெக்கை தாங்காதுன்னு கடல்ல ஒரு தீவுக்கு அனுப்பினாரு. நான்தான் காரைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போனேன். அங்க மொத்தமே நாப்பது பேரு, ஒரு தபால் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள ஆயிரம் கம்பெனி. மூட்டையை இறக்கினதும் தீவு மூணு விரற்கடை தாழ்ந்துபோச்சு. மீனெல்லாம் தார் ரோட்டுல நடக்குது.”

“மீன் நடந்துச்சுங்களா?” பிரபாகர் சிரித்தான்.

“ஓரமாத்தான் நடந்துச்சு. வருமானவரிக்காரர் மோப்பம் பிடிச்சுட்டு அங்கயும் வந்தாரு. காலடிச் சத்தம் கேட்டதும் பணம் எந்திரிச்சு, நெத்தியில திருநீறு பூசி, தர்ம ஸ்தாபனமா உக்காந்துடுச்சு. அவரு கும்பிட்டுட்டு, நூறு ரூபா நன்கொடை போட்டுட்டுப் போனாரு.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பில் கத்தி நடுங்கியது. “சரிங்கண்ணா, மூட்டை மூட்டையா அத்தனை பணம் அவருக்கு ஏது?”

“அவரோடதுன்னு நான் எப்பச் சொன்னேன்? அவரும் ஒரு நிதி கம்பெனி வெச்சிருந்தாரு. இருபத்துநாலு வட்டிதான். தீவுக்குப் போனது பூரா உன்னைப் போல கத்தி பிடிக்கிறவங்க, தறி ஓட்டறவங்க பணம். அவரு சொந்தக் காசு ஒரு பைசா அதுல இல்லை.”

கத்தி நின்றது. நாச்சிமுத்து பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “ஏனுங் தம்பி, உங்க முதலாளி அவரு பணத்தை உங்க கம்பெனியிலதான் போட்டிருக்காருங்களா?”

பிரபாகர் மின்விசிறியைப் பார்த்தான். “கேட்டுட்டு வந்து சொல்றனுங்க” என்று பையை எடுத்தான். பாரத்தை மட்டும் பெஞ்சிலேயே விட்டுவிட்டான். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

மறு கன்னத்தையும் மழித்துக்கொண்டு ரங்கராசு கிளம்பினார். நாலாம் நாள் மாரடைப்பு. ஆடி மாதம் பிரபாகரின் கம்பெனிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. வாசலில் கூட்டம் அழுதுகொண்டிருந்தது.

அதைச் சொல்ல நாச்சிமுத்து ரங்கராசு வீட்டுக்குப் போனார். “அண்ணன் கார் ஓட்டினப்போ எவ்வளவு பார்த்திருக்காருங்க அக்கா” என்றார்.

“காரா? அவருக்கு சைக்கிளே விடத் தெரியாதேப்பா. மில்லு கேண்டீன்ல டீ ஆத்திட்டிருந்தாரு” என்றாள் ரங்கராசுவின் மனைவி.

மூன்று லட்சம் உடுமலைத் தபாலாபீசில் இருக்கிறது.