சாம்பல் அள்ளுகிறவள்

"மூச்சு இருந்தாத்தான் உசுரு. அந்த மூச்சே நெஞ்சைக் கெடுக்குதுன்னா, இது என்ன நியாயம் சாமியம்மா?"

மாடக்கண்ணு கேட்டார். பேரன் எடுத்த வயசு. மனைவி பேச்சித்தாயைப் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு, மனசு ஆறட்டும் என்று மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டவர். மடத்தை நடத்தும் சாமியம்மாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெஞ்சு ஓயாம அடிக்கணும்லா. அதுக்கு மூச்சுக்காத்தை வச்சு உள்ளுக்குள்ள எரிச்சுக்கிட்டே இருக்குமாம். அதுல தெறிக்குத பொறி, சதையில உள்ள புரதத்தைச் சுட்டுருமாம். கருகினதை நறுக்கி அள்ளுததுக்கு உள்ளயே ஒண்ணு இருக்காம். பொறி கொஞ்சம்னா அது சுறுசுறுப்பா அள்ளிருமாம். மிஞ்சிப்போச்சுன்னா..."

"போச்சுன்னா?"

"அள்ளுததே கருகிப்போகுமாம். குப்பை சேந்து சேந்து, இவ நெஞ்சு சோந்துபோச்சாம்."

சாமியம்மா எழுந்தாள்.

"அடுப்புல விறகு வச்சீரா?"

மடத்துக்கு வருகிறவர்கள் அன்னதான அடுப்பில் ஆளுக்கொரு விறகு வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம்.

"வச்சேன். எரியல, புகைஞ்சுது. இன்னொண்ணும் வச்சேன்."

அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். சனம் விறகோடு வரிசையில் நின்றது. அடுப்பு வாய் வரைக்கும் கட்டை. தீயைத்தான் காணோம்.

"குனிஞ்சு பாரும்."

அடியெல்லாம் சாம்பல். காற்று நுழைய ஒரு சந்து இல்லை.

"இதை அள்ளுத உலகம்மா எங்க?"

வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சாமான் வைக்கும் உக்கிராணத்துக்குப் பின்னால் உலகம்மா சுருண்டு கிடந்தாள். உள்ளங்கை வெந்து, சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது.

"எப்பம் சுட்டுது தாயி?"

"திருவிழாவுல. கூட்டம் கூட, விறகும் கூட. கங்கு ஆறுமுன்னயே அள்ளும்படி ஆயிட்டு."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

உலகம்மா சிரித்தாள்.

"யாரு கேட்டாவ?"

சாமியம்மா கைக்கட்டை அவிழ்த்து, தண்ணீர் விட்டுக் கழுவினாள். தலை நிமிராமலே மாடக்கண்ணுவிடம் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில இப்பம் யாரு துணை?"

"பக்கத்துக் கட்டில்காரி பாத்துக்கிடுதேன்னா..."

மாடக்கண்ணு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் குடிச்சுட்டு வந்தது, மவன் சொல்லாம ஓடிப்போனது... அம்புட்டையும் என் வீட்டுக்காரிதான் வாரிப்போட்டா. உனக்கு எங்க வலிக்குன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. இப்பம் போய்க் கேட்டா என்ன ஆகப்போகுது?"

"அவளுக்கு இன்னும் மூச்சு இருக்குல்லா, பெரியவரே?"