கட்டத்துக்குள் பிடித்த மீன்

கடல் காப்பகம் அமைக்க இரு நாட்டு அதிகாரிகளும் நான்காம் ஆண்டாக எங்கள் கரையில் கூடினார்கள். எங்கள் நாட்டு மீன்வளத்துறை இயக்குநர் வரைபடத்தில் போட்ட கட்டத்தை மீன்பிடிப்புக்கு மூடினால் படகுகளுக்கு வழியே இல்லை. கடல் சூடேறி மீன் அந்தக் கட்டத்தை விட்டு எல்லைக்கு அப்பால் போய்விட்டதைச் சொல்லிச் சொல்லி ஊரே களைத்துவிட்டது.

"மீன் கட்டத்துக்குள்ளதான் இருக்கு. இன்னைக்கு விருந்துக்கும் அங்க பிடிச்ச மீனையே குழம்பு வையப்பா," என்று சமையல்காரர் இஞ்ஞாசியிடம் சொன்னார் இயக்குநர்.

மதியம் இயக்குநர் சட்டியை அகப்பையால் துழாவினார். புளிக்குழம்பு மட்டும் வந்தது.

"மீன் எங்கேய்யா?"

"கட்டத்துக்குள்ள பிடிச்சது அத்தனையும் போட்டுட்டேன், ஐயா."

அக்கரை அதிகாரி சிரித்தார். அவருக்கும் அதையே ஊற்றினார் இஞ்ஞாசி. "உங்க பக்கமும் கடல் சூடாகுது ஐயா. மீன் அங்கேயும் நிக்காது."

பிறகு சட்டியை மூடினார். "யாரும் மீனை எடுத்துடாம பத்திரமா மூடி வைக்கிறேன்."

இயக்குநர் வெறுங்குழம்பைச் சாப்பிட்டு முடித்து, வரைபடத்தை விரித்து, பென்சிலும் ரப்பரும் கேட்டார்.