குன்றிமணி கட்டிய மீன்கள்

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி நேரே கடலுக்குப் போகும் ஆறு ஒன்று இருந்தது. மழைக்காலம் வந்தால் போதும், உல்லம் மீன்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக அந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். மேலே போய் முட்டையிடும். வெள்ளம் வடிவதற்குள் திரும்பவும் கடலுக்குப் போய்விடும்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், புன்னை மரத்தில் ஒரு நீர்க்காகம் குடியிருந்தது. பொல்லாத பேராசைக்காரப் பறவை அது. மீன்கள் கடலுக்குத் தப்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு வயிறு எரியும். முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் அத்தனையும் நமக்குத்தானே என்று கணக்குப் போட்டது. ஆனால் பாறையை நகர்த்த அதனால் ஆகுமா? ஆகாது. ஆகவே யானையிடம் போனது. யானைதான் காட்டுக்குத் தலைவர். கொடுத்த வாக்கை மீறவே மீறாது.

"தலைவரே, நம் ஆற்று மீன்கள் கடலுக்குப் போய்ச் செத்து ஒழிகின்றன. மழைக்கு வருவதெல்லாம் வேற்று மீன்கள். நம் பாசியைத் தின்று கொழுத்துவிட்டுப் போகின்றன. முகத்துவாரத்தைப் பாறை போட்டு அடைத்துவிடுங்கள்" என்றது நீர்க்காகம்.

யானைக்கு அது நியாயமாகவே பட்டது. செய்தி கேட்டு உல்லம் மீன்களின் தலைவி பதறிப்போய்க் கரையோரம் வந்தது.

"போவதும் நாங்கள்தான் ஐயா, வருவதும் நாங்கள்தான். பிறந்த ஆற்றில் முட்டையிட்டால்தான் எங்களுக்குக் குஞ்சு பொரியும். வழியை அடைத்தால் எங்கள் வம்சமே அற்றுப்போகும்."

நீர்க்காகம் சிரித்தது. உல்லம் எல்லாம் ஒரே அச்சாக இருக்கிறதே, போன மீன்தான் வந்தது என்று யார் கண்டது என்று கேட்டது.

அங்கே ஈச்ச மரத்தில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவி, நான் அடையாளம் கட்டிவிடுகிறேனே என்றது. முடிச்சுப் போடுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. குன்றிமணிகளைப் பொறுக்கி, மெல்லிய நாரில் பொதிந்து, கரையோரம் வந்த ஒவ்வொரு மீனின் முதுகுத் துடுப்பிலும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

யானை தும்பிக்கையைத் தூக்கி வாக்குக் கொடுத்தது. அடுத்த வெள்ளத்தில் மணி கட்டிய மீன் ஒன்றாவது திரும்பி வந்தால் வழி திறந்தே இருக்கும். வெள்ளம் வடியும்வரை ஒன்றுகூட வராவிட்டால் பாறை விழும்.

பாவம் குருவி, ஒன்றை யோசிக்கவில்லை. குன்றிமணி நல்ல சிவப்பு. தண்ணீருக்குள் பளிச்சென்று தெரியும். கடலுக்குத் திரும்பும் மீன்களுக்காக முகத்துவாரத்தில் காத்திருந்த நீர்க்காகம், சிவப்பு தெரிந்த இடத்தில் எல்லாம் முங்கி முங்கிப் பிடித்தது. முங்கும், விழுங்கும். சிறகு நனைந்து கனத்ததும் புன்னை மரத்தடிக் கட்டையில் ஏறி விரித்துக் காயப் போடும். மறுபடியும் முங்கும். கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டு, எல்லா மணியும் உள்ளே போயாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கியது.

மறு வருஷம் வெள்ளம் வந்தது. உல்லம் மீன்களும் வந்தன. ஒன்றின் முதுகிலும் மணி இல்லை. வெள்ளம் வடியத் தொடங்கியது.

"பார்த்தீர்களா தலைவரே, எல்லாம் வேற்று மீன்கள்" என்று நீர்க்காகம் அவசரப்படுத்தியது.

யானை கனத்த மனசோடு முகத்துவாரத்துக்கு நடந்தது. புன்னை மரத்தடியில் கிடந்த பெரிய பாறையைத் தும்பிக்கையால் புரட்டியது. பாறைக்குப் பின்னால், காய்ந்து வெளுத்த எச்சத்தின் நடுவே குன்றிமணிகள் சிதறிக் கிடந்தன. சிலவற்றில் முடிச்சுகூட அவிழவில்லை.

"என் முடிச்சு" என்றது கூடவே வந்த குருவி. அடையாளம் கட்டுகிறேன் என்று நானே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று அழுதது.

நீர்க்காகம் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "தின்றேன், அதனால் என்ன? மணி கட்டிய மீன் வரவில்லை. வாக்கு என்றால் வாக்குதான். போடுங்கள் பாறையை."

யானைக்குக் கோபம் கொதித்தது. ஆனால் வாக்கு வாக்குதானே? பாறையை உருட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை போய்விட்டது. அங்கே சட்டென்று நின்றது.

கலங்கிய தண்ணீரில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. கடலிலிருந்து ஆற்றுக்குள், மணி கட்டிய உல்லம் மீன்கள் துள்ளித் துள்ளி ஏறி வந்தன. முன்னால் வந்தது தலைவி. குருவி அழுகையை மறந்து அதன் தலைக்கு மேலேயே வட்டமடித்தது.

நீர்க்காகத்தின் அலகு திறந்தபடியே நின்றுவிட்டது. "நீங்கள் எப்படித் தப்பினீர்கள்?"

"அண்ணே, நீங்கள் முங்கும்போது எங்களால் ஜெயிக்க முடியாதவர்தான்" என்றது தலைவி. "ஆனால் சிறகு நனைந்தால் கட்டையில் ஏறி விரித்துக்கொண்டு உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? எங்களில் சிலரைப் பறிகொடுத்த பிறகுதான் அதைக் கண்டுகொண்டோம். மிச்சப் பேர் சேற்றில் பதுங்கியிருந்து, நீங்கள் சிறகைக் காயப் போடும்போதெல்லாம் உங்கள் காலடியிலேயே கடந்து போனோம். இப்போதும் நீங்கள் கட்டையில் ஏறி உட்காரும்வரை காத்திருந்துதான் வருகிறோம்."

உண்மைதான். நீர்க்காகம் அப்போதும் சிறகை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது. ஈரச் சிறகோடு முங்கவும் முடியாது, யானையின் முன்னால் முங்கத் துணிச்சலும் இல்லை.

யானை அந்தப் பாறையைத் தூக்கிக் கரைமேல் வைத்தது. முகத்துவாரத்தில் அல்ல, புன்னை மரத்தடியில் நீர்க்காகம் உட்காரும் கட்டையின் மேல். கட்டை நொறுங்கியது. தப்பிப் பறந்த நீர்க்காகம் வேறு ஆறு தேடிப் போனது.

அந்த வருஷம் ஆறு முழுக்க உல்லம் குஞ்சுகள்.

நீதி: எதிரியின் வலிமையைக் கண்டு மிரண்டு நிற்காதே; அவன் ஓயும் நேரத்தைக் கண்டுகொண்டால் வழி உன்னுடையது.