பதினான்கு முத்திரை ஓலை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், செங்குன்ற நாட்டைக் கனகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் போதும், ஊரே அதைக் கட்டிக்கொண்டு ஆடவேண்டும். ஒருமுறை கடல் வணிகர் ஒருவர், சிவப்பும் பச்சையுமாய் ஒன்பது அரக்கு முத்திரை பதித்த ஓலையைக் கொண்டுவந்து நீட்டினார். ராஜா சொக்கிப்போனார். “இனி என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்கள், படித்த இடங்களின் முத்திரைகளை ஓலையில் பதித்துக் கொண்டுவரட்டும். முத்திரை அதிகம் உள்ளவருக்கே வேலை” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஓலைநாயகம் பஞ்சநதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரண்மனைக்கு வரும் ஓலைகளைப் பார்ப்பது அவர் வேலை. அதுவரை படிக்க வேண்டியிருந்தது; இப்போது எண்ணினால் போதும்.

அந்தச் சமயம் பட்டத்து யானை கொண்டல் தீனி இறங்காமல் ஆறு நாளாக நின்றது. யானை வைத்தியர் பதவியோ காலி. தண்டோரா போட்டார்கள்.

மலையடிவாரத்தில் மரம் இழுக்கும் யானைகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக வைத்தியம் பார்த்துவந்த சேந்தநங்கை, செய்தி கேட்டு இரண்டு நாள் நடந்து வந்தாள். எந்த யானை, என்ன நோவு, எப்படித் தேறியது என்று ஓலையில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

பஞ்சநதி ஓலையைத் திருப்பிப் பார்த்தார். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“முத்திரை எங்கே?”

“மூன்று வருஷம் படித்த பாடசாலையின் பெயரைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன், ஐயா.”

“எழுத்தை யாரம்மா கேட்டது? என் மைத்துனன் திருவையன் ஓலையில் பதினொன்று இருக்கிறது. போ, போ.”

சேந்தநங்கை சத்திரத்துக்குத் திரும்பினாள். வேலை போனதைவிட, ஒரு உயிர் பட்டினி கிடக்கிறதே என்பதுதான் அவளை அரித்தது. கூடத்தில் சமையல்காரி தயிர் கடைந்துகொண்டிருந்தாள். மத்தின் தலை பூப்போல விரிந்திருந்தது. சேந்தநங்கை அதையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கடையில் இரண்டு நிற அரக்கு வாங்கி வந்தாள்.

மறுநாள், பஞ்சநதி எண்ணி அனுப்பிய ஓலைகளை அவையில் ராஜாவே வாங்கினார். சேந்தநங்கையின் புது ஓலையைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. “அடேயப்பா, பதினான்கு! இந்தத் தாமரை எந்த இடத்து முத்திரை, ஓலைநாயகமே?”

தெரியாது என்று சொன்னால் பதவிக்கு இழுக்கல்லவா? பஞ்சநதி தொண்டையைச் செருமினார். “அது... வடதேசத்துக் கஜசாஸ்திர மடத்து முத்திரை, அரசே. லேசில் தரமாட்டார்கள்.”

“இந்த நட்சத்திரம்?”

“சிங்களத்து யானைப் பண்டிதர்களுடையது.”

“வட்டத்துக்குள் வட்டம்?”

“அதைப் பெற்றவர்கள் நம் நாட்டில் இரண்டே பேர்.”

ராஜா பூரித்துப்போனார். “பெண்ணே, எப்படி அம்மா இத்தனையும் பெற்றாய்?”

சேந்தநங்கை முத்திரைகளை ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டினாள். “தாமரை, சத்திரத்துத் தயிர் மத்து, அரசே. நட்சத்திரம், முறுக்கு அச்சு. வட்டத்துக்குள் வட்டம், அரிசி அளக்கும் ஆழாக்கின் அடி. மற்றதெல்லாம் கொழுக்கட்டை அச்சு.”

அவையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

“என் அவையை ஏமாற்றினாயா?”

“இவை பாடசாலை முத்திரைகள் என்று நான் சொல்லவில்லை, அரசே. என்னை யாரும் கேட்கவுமில்லை. நேற்று யானைகளைப் பற்றி எழுதிக்கொண்டுவந்தேன். படிக்காமல் திருப்பிவிட்டார்கள். உங்கள் முன்னால் வந்து நிற்க வேறு வழி தெரியவில்லை. கொண்டலைப் பார்க்க விடுங்கள். அப்புறம் என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன்.”

ராஜா எழுந்துவிட்டார். “பொழுது சாய்வதற்குள் யானை சாப்பிடவேண்டும். இல்லையென்றால் சிறை. திருவையனும் வரட்டும்.”

யானைக் கொட்டடியில் திருவையன் பத்தடி தள்ளியே நின்றான். “வாயுக் கோளாறு. கஷாயம் கொடுக்கலாம்” என்றான்.

சேந்தநங்கை யானையைப் பார்க்குமுன் தரையைப் பார்த்தாள். மென்று துப்பிய தழை உருண்டை உருண்டையாகக் கிடந்தது. “பசி இருக்கிறது, அரசே. மெல்லத்தான் முடியவில்லை” என்றாள். பாகனை விட்டு வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் முழங்கைவரை கைவிட்டாள். கொண்டல் உறுமியது. அவள் ஏதோ முணுமுணுத்துத் தாடையைத் தட்டிக்கொடுத்தபடியே ஒரே இழுப்பாக இழுத்தாள். கடைவாய்ப் பல்லருகில் குத்தி நின்ற விரல் நீள மூங்கில் சிலாம்பு கையோடு வந்தது.

மஞ்சளும் உப்பும் கரைத்த நீரால் கழுவினாள். குழைந்த சோற்றை உருட்டி ஊட்டினாள். முதல் கவளம் தயங்கித் தயங்கி இறங்கியது. நான்காவது கவளத்துக்குத் துதிக்கை தானாக நீண்டது. அண்டாவே காலியான பிறகும் அது அவள் தோளைத் துழாவியது. ராஜா மேலாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீ நிஜமாகவே படித்த இடம் உண்டா? அதன் முத்திரை இருக்கிறதா?”

அவள் மடியிலிருந்து, பாடசாலை தந்த முத்திரை வெட்டிய செப்புத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“இதை ஏன் பதிக்கவில்லை?”

“இதைக் குத்தினால் நான்கு யானைகளைப் பற்றி எழுதும் இடம் போய்விடும், அரசே. பெயரை ஒரு வரியில் எழுதினேன். கேட்டால் காட்டலாமே என்று கையில் கொண்டுவந்தேன்.”

“அப்படியானால் நாளை முதல் என் நாட்டில் முத்திரையே கூடாது” என்றார் ராஜா.

“வேண்டாம், அரசே. நஞ்சு மருந்து கையாள்கிறவரிடம் அதை அவசியம் கேளுங்கள். கேட்டதோடு விடாமல், கொடுத்த இடத்தையும் விசாரியுங்கள். ஆனால் ஓலையில் செய்த வேலையைச் சொல்லவும் இடம் இருக்கட்டும்.”

ராஜா அங்கேயே பட்டாடை போர்த்தி அவளை யானை வைத்தியர் ஆக்கினார். பஞ்சநதி பதவி தப்பினார். ஆனால் அன்றுமுதல் வரும் ஒவ்வொரு ஓலையையும், எழுதியவர் எதிரிலேயே, முதல் எழுத்திலிருந்து உரக்கப் படிக்கவேண்டும். இரண்டே வாரத்தில் அவர் குரல் கட்டிவிட்டது. திருவையனோ யானை சாப்பிட்ட மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டான்.

சில நாள் கழித்துக் கொண்டல் மேல் ராஜா நகர்வலம் கிளம்பினார். பக்கத்தில் சேந்தநங்கை நடந்தாள். கட்டியக்காரர், “ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட...” என்று தொடங்கினார். ராஜா கையை உயர்த்தினார்.

“போன வருஷம் நான் என்ன செய்தேன்?”

கட்டியக்காரர் திருதிருவென விழித்தார். “வடகரை ஏரியைத் தூர் வாரினீர்கள், அரசே.”

“அதை மட்டும் சொல்லும்.”

“வடகரை ஏரியைத் தூர் வாரிய கனகமாறர் வருகிறார், பராக்!”

வழக்கமாகத் தலைகுனிந்தே நிற்கும் கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. சந்தைக்கு வந்திருந்த வடகரைக்காரர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தெருவே அதிரும்படி வாழ்த்தினார்கள்.