வேதநாயகி வெட்ட வந்த ஸ்வெட்டர்

“கத்தரிக்கோலைக் குடுங்க டீச்சர். நானே வெட்டுறேன்.”

வேதநாயகி நீல ஸ்வெட்டரை மேசைமேல் விட்டெறிந்தாள்.

கோத்தகிரியில் நூர்ஜஹான் நடத்தும் தையல் கூடம் அது. பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வெட்டி, பஞ்சடைத்து, யானையும் கரடியும் முயலுமாகத் தைப்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தைகளுக்கு அவை போகும். வேதநாயகி டீச்சரைவிட மூத்தவள். தொழில் கற்க வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு கோபம்.

“யாரோடது அக்கா?”

“எனக்கு மகள்னு ஒருத்தி இருந்தா. அவளோடது. மூணாங்கிளாஸ் படிக்கிறப்ப நான் பின்னிக் குடுத்தது.”

“‘இருந்தா’ன்னா?”

“குன்னூர்ல இருக்கா. சொல்லாம கொள்ளாம ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. போன வருஷம் பிள்ளை பெத்தாளாம். அதையும் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“நான் ஏன் போகணும்? இதைத் துண்டு துண்டாப் போட்டாத்தான் என் மனசு ஆறும். கத்தரிக்கோல் எங்கே?”

நூர்ஜஹான் கத்தரிக்கோலைத் தரவில்லை. அடுப்பில் கொதித்த தண்ணீரை வாளியில் ஊற்றினாள். சோப்பைக் கரைத்தாள். ஸ்வெட்டரை அதில் அமுக்கிவிட்டு, ஒரு கட்டையை எடுத்து நீட்டினாள்.

“அப்படியே வெட்டினா இழை பிரிஞ்சுடும். முதல்ல நல்லா அடிங்க.”

வேதநாயகி அடித்தாள்.

“தகப்பன் இல்லாத பிள்ளைன்னு ஒரு குறை வெச்சிருப்பேனா?”

“இன்னும்.”

“ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?”

“சொல்லியிருக்க மாட்டீங்களா?”

“சொல்லித்தான் இருப்பேன்! அதுக்காகச் சொல்லாமலே போயிடறதா?”

தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

ஆற ஆற நூர்ஜஹான் வெந்நீர் ஊற்றினாள். கை ஓய்கிறவரை வேதநாயகி அடித்தாள்.

“காயட்டும். நாளைக்கு வாங்க.”

மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

நூர்ஜஹான் கொடியில் காய்ந்ததை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

வேதநாயகிக்கு ரத்தம் தலைக்கேறியது.

“என்ன இது? என் ஸ்வெட்டர் எங்கே?”

“இதுதான் அக்கா.”

“பாதிகூட இல்லையே! கண்ணு நோக நோக உட்கார்ந்து பின்னினது. இப்படியா நாசம் பண்ணி வைப்பீங்க?”

“நீங்க அடிச்சதுதான். வெந்நீர்ல அடிச்சா கம்பளி சுருங்கி இறுகிடும், வெட்டினாலும் பிரியாது.”



நூர்ஜஹான் கத்தரிக்கோலை அவள் முன்னால் வைத்தாள்.

“வெட்டுங்க. என்ன தைக்கலாம்? யானையா, கரடியா?”

வேதநாயகி கத்தரிக்கோலை எடுத்தாள். இடது கையால் ஸ்வெட்டரை அழுத்திப் பிடித்தாள். கம்பளி தடித்து மெத்தென்று ஆகியிருந்தது. கை வைத்ததும் கதகதப்பாக இருந்தது. ஸ்வெட்டரின் கை இப்போது ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். கழுத்து ஒரு சின்னத் தலை நுழையும் அளவுக்கு.

கத்தரிக்கோல் தோள்பட்டையில் பதிந்தது. அங்கேயே நின்றது.

“அக்கா?”

டொக்கென்று கத்தரிக்கோலை வைத்தாள். ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் திணித்தாள். முகத்தில் கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.

“எங்கே கிளம்பிட்டீங்க? வேலை கிடக்கு.”

வேதநாயகி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கத்தினாள்:

“இந்தக் குளிர்ல பிள்ளைக்கு என்னத்தைப் போட்டு வெச்சிருக்காளோ, கழுதை!”