ஆள்காட்டி கூட்டைப் பிய்த்த கதை

அந்தக் காலத்தில், பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, தலைநகரம் என்பது ஒரு கோட்டையும் நாலு தெருவும்தான். அதைச் சுற்றி ஏரியும் வயலும் மேய்ச்சலுமாகக் கிடந்தது மாவட்டம். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கல் கிடையாது. முட்டையுள்ள கூட்டை மனிதர் தொடக்கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. அதனால் ஆள்காட்டிக் குருவியின் கூடு எங்கேயோ, அங்கேதான் எல்லை என்று வைத்துவிட்டார்கள். கோரைப்புல்லில் பின்னிய கூடு. ஆள்காட்டிக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நகரத்துக்கு இடம் போதாதபோதெல்லாம் அதன் எல்லை அதிகாரி ஏகாம்பரம் வருவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் குழைகிற குழைவு இருக்கிறதே!

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. சந்தை போடணும், ஜனங்க நிக்க எடமில்ல."

இப்படிக் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்ல ஆள்காட்டிக்கு வாய் வராது. அதுவும் கணவனும் ஆளுக்கொரு ஓரமாகக் கூட்டைக் கவ்விக்கொண்டு தள்ளிப் போகும். உட்கார்ந்து முட்டைக்குச் சூடேறுவதற்குள் மனிதர் மறுபடி வந்து நிற்பார். தேர் திரும்ப வேண்டும், யானை கட்ட வேண்டும், யாரோ பெரிய மனிதருக்குத் தோட்டம் வேண்டும். ஒவ்வொரு முறையும், "இதான் கடைசி தாயி" என்பார். இந்த அலைச்சலில் ஒரு முட்டையாவது பொரிந்ததா? எல்லாம் கூமுட்டையாய்ப் போயின.

"வர்றவங்களுக்கெல்லாம் நீ நல்லவ. நான் என்ன, உனக்குச் சுமை தூக்குற ஆளா?" என்று கணவன் எரிந்து விழுந்தது.

கடைசியில் கூடு பெரிய ஏரியின் கரைக்கு வந்து சேர்ந்தது. பின்னால் தண்ணீர். அன்றுதான் முதல்முறையாக முட்டைக்குள் குஞ்சு கீச்சிட்டது. ஆள்காட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. கூடவே செருப்புச் சத்தமும் கேட்டது.

"ஏம்மா, கொஞ்சம்..."

"எங்க போறது? தண்ணிக்குள்ளயா?"

"அக்கரையில எடம் கெடக்கே. இந்த ஏரிய தூத்துட்டா விசாலமா இருக்கும் பாரு!"

ஆள்காட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டைகளைச் சரளைக்கல்லில் உருட்டிவிட்டது. கூட்டைக் கிழித்து, பிய்த்து, ஏரியில் வீசியது.

"கூடு இருந்தாத்தானே தூக்கச் சொல்லுவீங்க! இந்தா, போச்சு! இப்ப எதத் தூக்கச் சொல்றீங்க?"

ஏகாம்பரம் தண்ணீரில் மிதந்த கோரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"கூடு இல்லேன்னா எல்லையும் இல்லையே தாயி" என்று கும்பிட்டுவிட்டு, ஆட்களைக் கூட்டிவர ஓட்டமும் நடையுமாகப் போனார்.

தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் ஆள்காட்டிக்கு உறைத்தது. மண்வெட்டியோடு வந்தவர்களின் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தியது. சரளையோடு சரளையாகக் கிடந்த முட்டைகள் அவர்கள் கண்ணில் படவில்லை. குஞ்சுகள் பொரிந்தன, ஈரம் காய்வதற்குள் ஓடவும் பழகின. ஏரிதான் தப்பவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் முட்டையிட்டு, யார் வந்தாலும் அவர் வாயைத் திறக்குமுன் கத்தத் தொடங்கிவிடுகிறது. அன்று முதல்தான் தலைநகரம் எங்கே முடிகிறது என்று கேட்டால், மாவட்டத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரிவதில்லை.