அமலோற்பவமும் செலினும் கிளப்பின விமானம்

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா பேரு அமலோற்பவம், தங்கச்சி பேரு செலின். அவங்க அப்பா விட்டுட்டுப் போனது ஒரு பழைய விமானம். மேல ஒரு றெக்கை, கீழ ஒரு றெக்கை, ரெண்டும் மரச்சட்டத்துல துணி போர்த்தினது. அக்கா ஓட்டுவா, தங்கச்சி ரிப்பேர் செய்வா. கேக்குறியா கண்ணு?

ம்.

அதுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கிறதுன்னு சண்டை வந்து, ரெண்டு பேரும் பேசறதையே நிறுத்திட்டாங்க. சோத்துக்கு உப்பு வேணும்னாகூட பூனைகிட்டதான் சொல்லுவாங்க.

அப்போ ஒரு நாள் விடியக்காலைல, பக்கத்து வீட்டு ரொசாரி அண்ணன் மீன் பிடிக்க எடுத்துட்டுப் போயிருந்த போட்டு கரை திரும்பல. ராத்திரி முழுக்க பேய்க்காத்து. தேடிப் போன போட்டுக்காரங்க கண்ணுல ஒண்ணும் தட்டுப்படல. மேலேருந்து பாத்தாதான் தெரியும். ரெண்டு பேரும் விமானத்துகிட்ட ஓடினாங்க.

அங்க பாத்தா, கீழ் றெக்கைத் துணி கிழிஞ்சு படபடன்னு அடிக்குது. அக்கா இழுத்துப் பிடிச்சா, தங்கச்சி சரக் சரக்னு தச்சு, மேல பசை தடவி ஒட்டுப் போட்டா. காயற வரைக்கும் ஆளுக்கொரு அட்டையால விசிறினாங்க. பேச்சு மட்டும் இல்ல.

அப்புறம் பெட்ரோல கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பாத்தா, அடியில தண்ணி. அது எஞ்சினுக்குள்ள போனா நடுவானத்துல நின்னுடும். சொட்டு சொட்டுன்னு தண்ணி முழுக்க வடிச்சாங்க. அப்பவும் பேச்சு இல்ல.

ம்.

அப்புறம்தான் கஷ்டம். அந்த விமானத்துக்குச் சாவி கிடையாது. மூக்குல இருக்கிற பெரிய காத்தாடிய ஒருத்தர் கையால சுத்தணும். முதல்ல மெதுவா சுத்தறப்போ உள்ள ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கணும். தெரியாம ஆன்ல இருந்தா கை போயிடும். அப்புறம் ஆன் பண்ணச் சொல்லி, ஒரே இழுப்பா இழுத்துட்டு சட்டுன்னு விலகிடணும். அதனால கேட்டுட்டுத்தான் தொடணும்.

செலின் காத்தாடிகிட்ட நின்னா. அக்கா உள்ள உக்காந்திருந்தா. பூனை வீட்டுல இருந்துச்சு.

தூரத்துல ரொசாரி அண்ணன் பொண்டாட்டி தலைல கை வச்சுக்கிட்டு மணல்ல உக்காந்திருந்தாங்க. செலின் அதப் பாத்தா.

"ஸ்விட்ச் ஆஃபா, அக்கா?" குரல் கரகரன்னு வந்துச்சு.

"ஆஃப்டி. கை பத்திரம்."

செலின் காத்தாடிய களக் களக்னு மெதுவா சுத்தி, எஞ்சின பெட்ரோல இழுக்க வச்சா.

"இப்போ ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன்."

ஒரு இழு. டுப். இன்னொரு இழு. டுப் டுப். மூணாவது இழு, டுப்டுப்டுப் டர்ர்ர்ர்...

செலின் சக்கரத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கட்டைய உருவிப் போட்டுட்டு, அக்காவுக்கு முன்னால இருந்த சீட்ல ஏறிட்டா. விமானம் உப்பளத்துப் பொட்டல்ல கடகடன்னு ஓடி, ஜிவ்வுன்னு மேல போயிடுச்சு.

கொஞ்ச நேரம் பறந்ததும், கடல்ல குட்டியா ஒரு போட்டு. ரொசாரி அண்ணனும் ஆளுங்களும் கைலிய அவுத்து ஆட்டுறாங்க. விமானம் அவங்க தலைக்கு மேல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதப் பாத்து மத்த போட்டுக்காரங்க வந்து, கயிறு கட்டி கரைக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

திரும்பி வர்றப்போ அக்காவும் தங்கச்சியும் விடாம பேசினாங்க. எஞ்சின் சத்தத்துல ஒரு வார்த்தைகூட காதுல விழல. அதுக்காக யாரும் நிறுத்தல.

எங்க, ம் காணோமே? அவங்க தரை எறங்கிட்டாங்க, கதையும் எறங்கிடுச்சு. கண்ண மூடிக்கோ.